அரை மணி நேரத்தில் வெளியே போ!

வில்லியனூர் கடைத்தெருவில் சென்ற வாரம் பழைய தோழர் ஒருவரைச் சந்தித்தேன். ரோடியர் மில் என்று நம் ஜனங்கள் இன்றைக்கும் அழைக்கும் ஏ.எப்.டி. ஆலையில் தறி ஓட்டியவர். கூட அவர் மகனும் இருந்தான். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். என்ன வேலை தம்பி என்று கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரங்க செய்யற வீடியோ கேமுக்கு இங்கேயிருந்து படம் போட்டுத் தரோம் மாமா" என்றான்.

"நான் துணி நெய்தேன். என் பிள்ளை பொம்மை நெய்யறான்" என்று தகப்பனார் சிரித்தார்.

சிரிப்பு நிலைக்கவில்லை. பையன் லீவுக்கு வந்தவன் அல்ல. ஆர்டர் குறைந்துவிட்டது, ஆட்குறைப்பு வரப்போகிறது என்று கம்பெனி பூராவும் பேச்சாம். பத்து நாள் வீட்டில் இரு, சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. சங்கம் உண்டா என்று கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல் என்னைப் பார்த்தான். "எங்க தொழில்ல அதெல்லாம் கிடையாது மாமா. கையில வித்தை இருந்தா எங்கேயும் பிழைச்சுக்கலாம்" என்றான். சற்றுப் பொறுத்து அவனே, "டெல்டேல்காரங்களும் அப்படித்தான் நினைச்சாங்க" என்றான்.

டெல்டேல் யார்? அவன் சொன்னதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பஞ்சாலையும் கழனியும் அறிந்த நமக்கு அமெரிக்காவில் பொம்மை விளையாட்டு செய்தவன் கதை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேளுங்கள், ஆனால் கதையைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதலில் சரக்கு என்னவென்று பார்ப்போம். நம் ஊர்த் தெருக்கூத்தில் அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போகிறான். விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும் ஜனங்களுக்கு, போகாதேடா என்று கத்தத் தோன்றும். கத்தினாலும் அவன் போவான், சாவான். சாகசக் கதை விளையாட்டு என்பது வேறு மாதிரி. கூத்தாடி நடுவில் நின்று, பார்ப்பவனைப் பார்த்து, "போகட்டுமா, வேண்டாமா? இவனைக் காப்பாற்றட்டுமா, அவளைக் காப்பாற்றட்டுமா?" என்று கேட்கிறான். பார்ப்பவன் சொல்கிற பதிலை ஒட்டிக் கதை நகர்கிறது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதைச் செய்வது லேசான வேலை அல்ல. ஒரு கேள்விக்கு நாலு பதில் என்றால், நாலுக்கும் வசனம் எழுத வேண்டும். நாலுக்கும் குரல் கொடுக்க வேண்டும். நாலுக்கும் பொம்மையின் முகம் அசைய வேண்டும். நாலும் தடங்கலின்றி ஓடுகிறதா என்று ஒருவன் உட்கார்ந்து சோதிக்க வேண்டும். கதை எழுதுகிறவன், சித்திரம் வரைகிறவன், கணக்கு போடுகிறவன், ஒலி சேர்க்கிறவன் என்று நூற்றுக் கணக்கான கைகள் சேர்ந்தால்தான் அந்தச் சரக்கு வெளியே வரும். பஞ்சு உடைப்பதிலிருந்து மடிப்பு வரைக்கும் எத்தனை கை பட்டால் ஒரு பீஸ் துணி வெளியே வருகிறதோ, அதே கணக்கு.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சான் ரபேல் என்று ஓர் ஊர். அங்கே லூக்காஸ் ஆர்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி இத்தகைய கதை விளையாட்டுக்களுக்குப் பேர்போனதாக இருந்தது. 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கதை விளையாட்டு இனிமேல் விற்காது என்று அது முடிவு கட்டியது. வேலை நடந்துகொண்டிருந்த ஒரு விளையாட்டைப் பாதியில் நிறுத்தியது. அங்கே வேலை பார்த்த கெவின் புரூனர், டான் கானர்ஸ், டிராய் மொலாண்டர் என்ற மூன்று பேர் அதே ஆண்டில் வெளியே வந்து டெல்டேல் கேம்ஸ் என்று ஒரு சிறு பட்டறை தொடங்கினார்கள். பெரிய முதலாளி வேண்டாம் என்று தள்ளிய தொழிலை, அந்தத் தொழிலாளிகளே தூக்கி நிறுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு யுக்தியும் கண்டுபிடித்தார்கள். முழு விளையாட்டையும் செய்து முடிக்கப் பல வருஷம், பெரும் பணம் தேவை. அதனால் தொடர்கதை போலப் பாகம் பாகமாக வெளியிட்டார்கள். ஒரு பாகம் விற்ற காசில் அடுத்த பாகம். எட்டு வருஷம் இப்படியே தட்டுத் தடுமாறி ஓட்டினார்கள். 2012 ஏப்ரலில் 'தி வாக்கிங் டெட்' வந்தது. செத்தும் சாகாத பிணங்கள் நடமாடும் உலகத்தில், சிறைத் தண்டனை பெற்ற ஒரு கறுப்பு மனிதன், தாய் தகப்பனைப் பிரிந்த ஒரு சிறுமியைக் காப்பாற்றிக் கொண்டு போகும் கதை. துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுவதே விளையாட்டு என்றிருந்த சந்தையில், அன்பும் பசியும் பயமும் பற்றிய கதை! ரொட்டித் துண்டுகள் கொஞ்சம்தான் இருக்கின்றன, யாருக்குக் கொடுப்பாய் என்று கேட்கும் கதை. உலகமெங்கும் ஜனங்கள் அழுதுகொண்டே விளையாடினார்கள் என்று பையன் சொன்னான். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று பல விருதுகள் குவிந்தன. 2013 ஜனவரிக்குள் 85 லட்சம் பாகங்கள் விற்றன.

பட்டறைக்கு நல்ல காலம் பிறந்தது. அந்தச் சரக்கை உண்டாக்கிய தொழிலாளிக்குப் பிறந்ததா?

இங்கேதான் நம் பாகூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும் ஒரு விஷயம் வருகிறது. டெல்டேல் உழுத நிலம் டெல்டேலுக்குச் சொந்தம் அல்ல. 'வாக்கிங் டெட்' வேறொருவருடைய சித்திரக் கதை. பின்னால் செய்த 'கேம் ஆப் த்ரோன்ஸ்', 'பேட்மேன்', 'மைன்கிராப்ட்', 'கார்டியன்ஸ் ஆப் தி கேலக்ஸி' எல்லாம் வேறு பெரிய கம்பெனிகளுக்குப் பாத்தியப்பட்டவை. டெல்டேல் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் நிலக்காரனுக்கு வாரம் அளந்தாக வேண்டும். ஒரு நிலம் போதாமல் நாலு நிலம், ஐந்து நிலம் என்று ஒரே சமயத்தில் குத்தகை எடுத்தார்கள். குத்தகையை அடைக்க வேண்டுமானால் மேலும் பயிர் வைக்க வேண்டும். மேலும் பயிர் வைக்க மேலும் ஆள் வேண்டும். மேலும் ஆளுக்கு மேலும் கடன் வேண்டும். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்காமல் நாற்று விட்டவன் கதி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலை நேரத்துக்கு வருவோம். பாகம் வெளிவரும் தேதி முதலிலேயே விளம்பரமாகிவிடும். தேதி நெருங்க நெருங்கக் கதையை மாற்று, வசனத்தை மாற்று என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். முடித்த வேலையைக் கலைத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். தேதி மட்டும் மாறாது. ஒரு பாகம் முடிந்தால் மூச்சு விட நேரமில்லை, அடுத்த பாகம் காத்திருக்கும். பத்து மணி, பன்னிரண்டு மணி தாண்டியும் வேலை. வாரக் கடைசியிலும் வேலை. அமெரிக்க விளையாட்டுத் தொழிலில் இதற்கு 'கிரஞ்ச்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நொறுக்குவது, கடித்து மெல்லுவது என்று அர்த்தம். பெயர் வைத்தவன் உண்மையைத்தான் வைத்திருக்கிறான்!

தோழர்களே, 1936ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுகளுக்குப் பலியானார்கள். அந்த இரத்தத்தின் மீதுதான், தோழர் வ. சுப்பையா போன்றவர்கள் தலைமை தாங்கிய போராட்டத்தின் மீதுதான், 1937ஆம் ஆண்டு எட்டு மணி நேர வேலை இந்த மண்ணில் சட்டமாயிற்று. வருஷா வருஷம் நாம் மலர் வளையம் வைக்கிறோம். அதற்கு எண்பது ஆண்டுக்குப் பின்னால், உலகத்திலேயே பணக்கார தேசத்தில், மிகவும் படித்த தொழிலாளிகள், எட்டு மணி நேரம் என்றால் என்னவென்று தெரியாமல் வேலை செய்தார்கள். யாரும் சாட்டையால் அடிக்கவில்லை. "இது கம்பெனி அல்ல, நாம் ஒரு குடும்பம்", "நீ கூலிக்காரன் அல்ல, கலைஞன்" என்ற பேச்சு போதுமானதாக இருந்தது. மேஸ்திரியின் கூச்சலை விட இந்தத் தேன்குரல் ஆபத்தானது. மேஸ்திரி கத்தினால் நாலு பேர் ஒன்று சேர்ந்து முறைப்பார்கள். குடும்பம் என்று சொன்னால் எவன் முறைப்பான்?

'வாக்கிங் டெட்' வேலைக்குத் தலைமை தாங்கிய இருவர் 2013லேயே விலகிப்போய் வேறு சிறு பட்டறை அமைத்துக் கொண்டார்கள். கெட்டிக்காரர்கள் பலர் போனார்கள். புதிதாக வந்தவர்கள் அதே நெருக்கடியில் மாட்டிக்கொண்டார்கள். கம்பெனி தொடக்க காலத்துக் கருவியையே ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டியது. பழைய தறியைப் புதுப்பிக்காமல் லாபத்தை மட்டும் கறந்து, பிறகு "ஆலை நவீனமாக இல்லை, அதனால் நஷ்டம்" என்று கைவிரிப்பதை நம் ஊர் மில்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! எல்லாக் கதையும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கவே, வாங்குகிறவர்களுக்கும் சலிப்பு தட்டியது. சரக்கு சலித்துவிட்டது என்பது உண்மைதான். அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. ஆனால் சலிக்கும்படி செய் என்று தீர்மானித்தவன் சித்திரம் வரைந்த தொழிலாளியா?

2017 மார்ச்சில் தலைமை நிர்வாகியாக இருந்த புரூனர் விலகினார். செப்டம்பரில் வெளியிலிருந்து புதிய தலைமை நிர்வாகி வந்தார். நவம்பரில் 90 பேர் வேலைநீக்கம்! நாலில் ஒருவர். மிச்சமிருப்பவர்களுக்கு, இனி நிம்மதி, குறைவாகச் செய்வோம், நன்றாகச் செய்வோம் என்று வாக்குறுதி. அதையும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வார்கள்? பேரம் பேச ஸ்தாபனம் இல்லை.

2018 செப்டம்பர் 21. வெள்ளிக்கிழமை. காலையில் வழக்கம் போல வேலைக்கு வந்தார்கள். கூட்டம் போட்டார்கள். வரவேண்டிய முதலீடு கடைசி நேரத்தில் வராமல் போய்விட்டது, கம்பெனியை மூடுகிறோம் என்றார்கள். சுமார் 250 பேர். அரை மணி நேரத்தில் கட்டிடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று அன்றே செய்தி வெளியாயிற்று. நஷ்ட ஈடு? ஒரு டாலர் கூடக் கிடையாது. அந்த நாட்டில் வேலை பார்க்கும் பலருக்கு வேலையோடு ஒட்டிய இன்ஷூரன்ஸ்தான் வைத்தியம். அந்த இன்ஷூரன்ஸும் மாதக் கடைசி வரைதான். அதாவது ஒன்பது நாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒருவர், இந்த வேலையை நம்பி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குடிபெயர்ந்து வந்திருந்தார். அவரும் அந்த வெள்ளிக்கிழமை தெருவில் நின்றார்.

25 பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அன்பினால் அல்ல. நெட்பிளிக்ஸ் கம்பெனிக்கு ஒப்புக்கொண்ட ஒரு வேலை பாக்கி இருந்தது. கதிர் அறுக்கிற வரைக்கும் கூலி ஆள் வேண்டுமல்லவா? பிறகு அவர்களுக்கும் வழி காட்டினார்கள்.

அந்தச் சிறுமியின் கதை நாலு பாகமாகத் திட்டமிட்ட கடைசித் தொடரில் இரண்டாவது பாகம் வரை வந்து நின்றது. வேறு கம்பெனி ஒன்று உரிமையை எடுத்து, பழைய தொழிலாளர் சிலரையே கூப்பிட்டு, 2019 மார்ச்சில் முடித்து வைத்தது. அதே 2019 ஆகஸ்டில் இன்னொரு கூட்டம் டெல்டேல் என்ற பெயரையும் பழைய சரக்கின் ஒரு பகுதியையும் வாங்கி, மறுபடி கடை விரித்தது. பழைய தொழிலாளர்களுக்கும் இடம் உண்டு என்றார்கள், எப்படிப்பட்ட இடம்? முதலில் ஒப்பந்தக் கூலியாக வா, நிரந்தரம் பிறகு பார்க்கலாம்! பெயருக்கு விலை உண்டு. கதைக்கு விலை உண்டு. நாற்காலி மேஜைக்குக் கூட ஏலத்தில் விலை உண்டு. அதையெல்லாம் உண்டாக்கிய ஆளுக்கு மட்டும் விலை இல்லை.

"லட்சக் கணக்கில் சம்பளம் வாங்கியவர்கள்தானே, நாற்று நடும் பெண்ணுக்கு இல்லாத கஷ்டம் இவர்களுக்கு என்ன வந்தது?" என்று சில தோழர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்வி. கழனியில் முதுகு வெடிக்க நிற்பவருக்கும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தவருக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய வித்தியாசம் உண்டு. ஆனால் வர்க்கத்தைச் சம்பளக் கவரின் கனத்தை வைத்து அளக்கக் கூடாது. மாதக் கடைசியில் அந்தக் கவர் வராவிட்டால் வாடகைக்கும் அரிசிக்கும் என்ன செய்வான் என்று பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து வாடகை அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த வாடகைகளில் ஒன்று. கருவி முதலாளியுடையது, கதை வேறொரு முதலாளியுடையது, கணக்குப் புத்தகம் பூட்டிய அறையில். தொழிலாளியிடம் இருந்தது கையும் மூளையும்தான்.

இது ஒரு கம்பெனியின் துரதிர்ஷ்டம் என்றும் ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரி ஜனங்களுக்கு இன்னொரு சாட்சி கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2011 ஜனவரியில் ஆங் லீ என்ற டைரக்டர் இங்கே வந்து 'லைப் ஆப் பை' படம் பிடித்தார். நம் தெருக்கள் உலகமெங்கும் திரையில் ஓடின. அந்தப் படத்தில் படகில் உறுமும் புலி பெரும்பாலும் நிஜப் புலி அல்ல. கம்ப்யூட்டரில் மயிர் மயிராக உண்டாக்கிய புலி. உண்டாக்கியது ரிதம் அண்டு ஹ்யூஸ் என்ற பட்டறை. ஹைதராபாத்திலும் மும்பையிலும் கூட அதற்குக் கிளை உண்டு. 2013 பிப்ரவரி 24ஆம் தேதி அந்தப் புலிக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அந்தப் பட்டறை திவால் மனு போட்டு, 250க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. விருது மண்டபத்துக்கு வெளியே சில நூறு தொழிலாளர்கள் கொடி பிடித்து நின்றார்கள். உள்ளே விருது வாங்கியவர் பட்டறையின் கஷ்டத்தைச் சொல்ல வாய் திறந்ததும் வாத்தியத்தை முழக்கி அடக்கிவிட்டார்கள். படமோ கோடிக் கோடியாகச் சம்பாதித்தது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனத்தில் பெருமளவு ஆட்குறைப்புச் செய்ய 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தச் சட்டத்தை வைத்து, மூடிய மூன்றாம் நாளே ஒரு தொழிலாளி வழக்குத் தொடுத்தார். ஆனால் எதிர்பாராத வியாபார நிலைமை என்று சொல்லித் தப்ப அதிலேயே ஓட்டை வைத்திருக்கிறார்கள். வேலைநீக்கத்துக்கு நஷ்ட ஈடு கொடு என்று அந்தச் சட்டம் சொல்லவே இல்லை.

நம் சட்டத்தைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில், பின்னால் போராட்டங்களின் நிர்ப்பந்தத்தால் சேர்த்த ஷரத்துக்கள் இருந்தன. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தவரைக் குறைக்க ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம். முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடு. ஸ்தாபனத்தை மூடினாலும் அதே கணக்கு. பண நெருக்கடி, நஷ்டம், சரக்குத் தேக்கம் இவற்றைத் தவிர்க்க முடியாத காரணமாகக் காட்டி நஷ்ட ஈட்டைக் குறைக்க முடியாது என்று பச்சையாக எழுதியிருந்தது. டெல்டேல் முதலாளி இங்கே வந்து "முதலீடு வரவில்லை" என்று சொன்னால் செல்லாது! லே-ஆப் என்றால் பாதிச் சம்பளம். நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட சர்க்காரின் முன் அனுமதி வேண்டியிருந்தது.

இந்தச் சட்டத்தால் நம் ஆலைகள் தப்பினவா என்றால், இல்லை. தானே புயலுக்குப் பின் தள்ளாடிய ஏ.எப்.டி. 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. மூடலை நம்மால் தடுக்க முடியவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டிய தோல்வி அது. என்றாலும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கூட்டம் போட்டு, அரை மணியில் வெளியே போ என்று எவனும் சொல்லத் துணியவில்லை. சொல்லியிருந்தால் கடலூர் சாலை என்ன ஆகியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தச் சட்டத்தையே அசைத்துவிட்டார்கள். 2020ல் பார்லிமெண்டில் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். நஷ்ட ஈட்டுக் கணக்கு பழையபடி இருக்கிறது. ஆனால் முன் அனுமதிக்கான வரம்பு நூறிலிருந்து முந்நூறாகிவிட்டது. திருபுவனையிலும் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டிலும் உங்கள் பக்கத்து கேட்டுகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எதில் முந்நூறு தேறும்? ஒப்பந்த ஆட்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். இருநூற்றைம்பது பேரை வீட்டுக்கு அனுப்பிய டெல்டேல் இங்கே ஓர் ஆலையாக இருந்திருந்தால், பழைய வரம்பில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். புதிய வரம்பில் வேண்டாம்! அத்துடன், முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் எல்லாத் தொழிலிலும் சட்டவிரோதம். முதலாளிக்குக் கதவைத் திறந்துவிட்டு, தொழிலாளிக்குத் தாழ்ப்பாள்.

அமெரிக்கத் தொழிலாளர்கள் அடி வாங்கிய பிறகு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெல்டேல் மூடிய அதே 2018ல்தான் விளையாட்டுத் தொழிலாளரை ஒன்று சேர்க்கும் முயற்சி தலையெடுத்தது. 2020ல் தந்தி, டெலிபோன் தொழிலாளர் மரபில் வந்த பெரிய சங்கம் ஒன்று இதற்கென்றே ஆட்களை நியமித்தது. 2022 மே மாதத்தில் ரேவன் சாப்ட்வேர் என்ற கம்பெனியின் சோதனைப் பிரிவுத் தொழிலாளர்கள், சில பேரே என்றாலும், ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். 2024 ஜூலையில் விளையாட்டுக்குக் குரல் கொடுக்கும் நடிகர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்தது. 2025 மார்ச்சில், எந்தக் கம்பெனியில் இருந்தாலும், வேலை போய் வீட்டில் இருந்தாலும் கூடச் சேரக்கூடிய சங்கம் ஒன்று பிறந்திருக்கிறது. கலைஞன், குடும்பம் என்ற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக எடுபடாமல் போகிறது.

நம் பக்கத்திலோ, 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைக்கப் போவதாக அறிவித்தது. நம் கம்யூன்களிலிருந்து பொழுது விடியும் முன் பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படிப்பட்ட கம்பெனிகளில் இருக்கிறார்கள்? தகப்பன் சங்கச் சந்தா கட்டிக் கட்டி, அந்தப் போனஸிலும் பஞ்சப்படியிலும் படிக்க வைத்த பிள்ளைகள்தான். நாமும் ஒரு தவறு செய்தோம். இவர்கள் சட்டை மடிப்புக் கலையாத ஜாதி, நம் பக்கம் வரமாட்டார்கள் என்று கேட்டுக்கே போகாமல் இருந்துவிட்டோம்.

அன்று டீக்கடையில், இரண்டாவது டீ ஆறிக்கொண்டிருக்கும்போது, பையனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மூன்று வருஷம் நாலு மாதம் வேலை செய்திருக்கிறான். அப்படியானால் நாற்பத்தைந்து நாள் சம்பளம், நோட்டீஸுக்கு ஒரு மாதம். வேறு வேலை கற்றுக்கொள்ளவென்று புதுத் தொகுப்பில் சொல்லியிருக்கும் பதினைந்து நாள் சம்பளம் தனி. "நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, நல்ல சர்டிபிகேட் தருகிறோம்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் இதில் ஒன்றும் கிடைக்காது என்றேன். "அதைத்தான் மாமா போன மாசம் நாலு பேர்கிட்ட எழுதி வாங்கினாங்க" என்றான்.

தகப்பனார் அதுவரை பேசாமல் இருந்தவர், "சங்கம் பதிய எத்தனை பேர் வேணும்?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாததல்ல; பிள்ளை காதில் விழ வேண்டும் என்று கேட்டார். ஏழு பேர் கையெழுத்துப் போட்டு மனுப் போட வேண்டும்; அப்போது மொத்த ஆட்களில் பத்தில் ஒரு பங்கு பேர் அங்கத்தினராக இருக்க வேண்டும் என்றேன். கம்பெனியில் நூற்று நாற்பது பேர். அப்படியானால் பதினான்கு. பையன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். படம் வரைகிற பிரிவில் மூன்று பேர். சோதனைப் பிரிவில் இரண்டு பெண்கள், தைரியசாலிகள். தன்னோடு சேர்த்து ஆறு. எழுதி வாங்கப்பட்ட நாலு பேரையும் சேர்க்கலாமா என்று கேட்டான். அவர்கள் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றான்.